சிசேரியன் முடிந்து 5 மாதம்: எழுந்து உட்காரும்போது வயிற்றின் நடுவில் ஒரு மேடு

பாப்பாஅம்மா எழுதியது:

வணக்கம் தோழிகளே. மகள் பிறந்து 5 மாதமும் ஒரு வாரமும் ஆகிறது. 14 மணி நேரம் வலியில் இருந்தேன். அப்புறம் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று சொல்லி அவசரமாக சிசேரியன் செய்தார்கள். அவள் நன்றாக இருக்கிறாள், நன்றாகப் பால் குடிக்கிறாள். நான் கேட்க வந்தது என் வயிற்றைப் பற்றி.

6-வது வாரப் பரிசோதனையில் மருத்துவர் தையலைப் பார்த்துவிட்டு, "நன்றாக ஆறியிருக்கிறது, இனி உடற்பயிற்சி செய்யலாம்" என்றார். எந்தப் பயிற்சி என்று சொல்லவில்லை. குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்ததால் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. போன மாதம் ஒரு வீடியோவைப் பார்த்து கிரஞ்சஸ் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கும் பயிற்சி) தொடங்கினேன். முதல் நாள் 20, அப்புறம் தினமும் 50. இரண்டு வாரத்தில் இடுப்புக்கு மேலே முதுகுவலிதான் மிச்சம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். படுக்கையிலிருந்து நேராக எழும்போது மார்புக்குக் கீழிருந்து தொப்புள் வரை, நடுவில் கூரை முகடு மாதிரி ஒரு மேடு எழுகிறது. படுத்துக்கொண்டு அங்கே விரல் வைத்தால் விரல் உள்ளே போகிறது. பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.

தழும்புக்கு மேலே சுமார் நான்கு விரல் அகலத்துக்கு உணர்ச்சியே இல்லை. தொட்டால் வேறு யாருடைய வயிற்றையோ தொடுவதுபோல் இருக்கிறது. ஆனால் தழும்பின் மேல் துணி உரசினால் உடம்பே கூசுகிறது. குளிக்கும்போது குனிந்து பார்ப்பதில்லை. சோப்பையும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போடுகிறேன். கணவர் அந்தப் பக்கம் கை வைத்தால் நகர்ந்துவிடுகிறேன்.

போன வாரம் லிஃப்டில் ஒருவர், "எத்தனையாவது மாதம்?" என்று கேட்டார். பாப்பா என் முன்னால் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வயிறு பழையபடி இறுகுமா? நான் செய்த கிரஞ்சஸ் எதையாவது கெடுத்துவிட்டதா? 5 மாதம் என்பது தாமதமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இருமுறைஅம்மா எழுதியது:

தோழி, எனக்கு இரண்டுமே சிசேரியன். பெரியவனுக்கு 6 வயது, சின்னவளுக்கு இரண்டரை. முதல் முறை நீங்கள் செய்ததையேதான் நானும் செய்தேன். இரண்டாவது முறை வேறு மாதிரி செய்தேன். அந்த வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள், எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. வயிற்றுத் தசையை வெட்டிவிட்டார்கள், அதனால்தான் வலு இல்லை என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பிரசவத்துக்கு முன்பு என் மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். தோலை வெட்டுகிறார்கள், கொழுப்பைப் பிரிக்கிறார்கள், தசையைச் சுற்றியுள்ள கெட்டியான உறையை வெட்டுகிறார்கள். நேராக ஓடும் இரண்டு வயிற்றுத் தசைகளைப் பொதுவாக வெட்டுவதில்லை, இரண்டு பக்கமும் ஒதுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கும் கீழே வயிற்றின் உட்சவ்வு, அப்புறம் கருப்பை. தசை அங்கேயேதான் இருக்கிறது. 9 மாதம் நீண்டு கிடந்தது, அதைச் சுற்றியுள்ள உறை வெட்டித் தைக்கப்பட்டது, நரம்புகள் சில அறுந்தன. அதனால் வயிற்றுக்கு நாம் சொல்வது சரியாகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட வயிற்றை ஒரு நாளைக்கு 50 தடவை மடக்கச் சொன்னால், கழுத்தும் முதுகும்தான் வேலை செய்யும். எனக்கும் அதுதான் நடந்தது.

இரண்டாவது முறை நான் தழும்பிலிருந்து தொடங்கினேன். இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல வருகிறேன். தொடக்கூடப் பயமாக இருக்கும் இடத்தைப் பயிற்சி செய்ய வைக்க முடியாது. நான் அதை 6 வருடத்துக்கு முன்பு செய்யவில்லை. பெரியவன் பிறந்து ஒன்றரை வருடம் வரை என் தழும்பு எந்த நிறத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

சின்னவள் பிறந்து 8-வது வாரம், தையல் முழுவதும் மூடி ஆறிய பிறகு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் வாரம் தழும்பையே தொடவில்லை. தொப்புளைச் சுற்றி உள்ளங்கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் பஞ்சை எடுத்து, உணர்ச்சி இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு மெதுவாக நகர்த்தினேன். அப்புறம் மெல்லிய துணி, அப்புறம் துவாலை, அப்புறம் விரல். கூச்சம் தாங்கும் அளவுக்கு மட்டும். ஒரு நாளைக்கு 5 நிமிடம். கூச்சம் 3 வாரத்தில் பாதியாகக் குறைந்தது. அதற்குப் பிறகு இரண்டு விரலால் தழும்பின் மேல் தோலை மேலும் கீழும், பக்கவாட்டிலும், சின்ன வட்டமாகவும் நகர்த்தினேன். இடது ஓரத்தில் ஓர் இடம் மட்டும் உள்ளே நூலால் கட்டி வைத்தது மாதிரி நகரவே இல்லை. அது இளக 4 மாதம் ஆனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களுடையது அவசர சிசேரியன் என்பதால் சொல்கிறேன், என் முதல் பிரசவமும் அப்படித்தான். அங்கே விரல் வைத்த முதல் நாள் எனக்கு ஆபரேஷன் தியேட்டரின் விளக்கு ஞாபகம் வந்தது. யாரோ சீக்கிரம், சீக்கிரம் என்று சொன்ன குரல் வந்தது. அரைமணி நேரம் அழுதேன். வயிறு தொங்குவதால்தான் கண்ணாடியைப் பார்க்காமல் இருக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அந்த நாளைப் பார்க்க முடியாமல்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஏதாவது வந்தால், தனியாகச் சுமக்காதீர்கள். நான் 6 முறை ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். எந்தப் பயிற்சியைவிடவும் அது என் உடம்புக்கு உதவியது என்று மனதாரச் சொல்வேன்.

பயிற்சி என்று தனியாக நேரம் ஒதுக்க எனக்கு முடியவில்லை. பால் கொடுக்க உட்காரும் நேரத்தையே எடுத்துக்கொண்டேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்பு பக்கவாட்டில் விரிய வேண்டும், வெளியே விடும்போது சிறுநீரை அடக்குவதுபோல் கீழே மெதுவாக இறுக்கி, இடுப்பு எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வருவதாக நினைத்துக்கொண்டு அடிவயிற்றை உள்ளே சேர்க்க வேண்டும். 10 தடவை. முதல் இரண்டு வாரம் அடிவயிற்றில் ஒன்றுமே நடக்கவில்லை. கை வைத்துப் பார்த்தால் களிமண் மாதிரி கிடந்தது. 3-வது வாரம் ஒரு விடியற்காலைப் பாலின்போது கைக்குக் கீழே ஒரு மெல்லிய இறுக்கம் தெரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பிச் சொன்னேன்.

அப்புறம், தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்கினேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்குகிறோம்! அதுவே எனக்குப் பளு தூக்கும் பயிற்சி ஆனது. படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்தேன்.

எடை எந்திரத்தையும் இஞ்சு டேப்பையும் எடுத்து வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு நோட்டில் மூன்றே வரி எழுதினேன்: குழந்தையோடு தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிந்ததா, இருமும்போது வயிறு பிடித்ததா, இன்று தழும்பைத் தொட்டேனா. முதல் வரிக்கு "ஆம்" என்று எழுத 7 மாதம் ஆனது.

5 மாதம் தாமதமே இல்லை. நான் முதல் வயிற்றை ஒன்றரை வருடம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தேன்.

பெண்கள்நலபிசியோ எழுதியது:

பிரசவத்துக்குப் பின் பெண்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். மேலே எழுதியவர் சொன்ன வரிசை மிகவும் சரி. சில விவரங்களை மட்டும் சேர்க்கிறேன்.

உங்கள் வயிற்றில் எழும் மேடு, இரண்டு நேர்த்தசைகளுக்கும் நடுவிலுள்ள லீனியா ஆல்பா என்னும் பட்டை அகன்று தளர்ந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். டயாஸ்டாசிஸ் ரெக்டை என்போம். இது சிசேரியனால் வருவதல்ல, கர்ப்பத்தால் வருவது. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இருக்கும். நார்வேயில் முதல் குழந்தை பெற்ற 300 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பிரசவமாகி 6 வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு இந்த இடைவெளி இருந்தது. 6 மாதத்தில் 45 சதவீதம், ஒரு வருடத்தில் 33 சதவீதம். அதாவது 5 மாதத்தில் உங்களைப் போல ஏறக்குறைய பாதிப் பேர் இருக்கிறார்கள்.

நீங்களே பார்த்துக்கொள்ள: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தொப்புளின் மீதே விரல்களைக் குறுக்காக வைத்து, மூச்சை விட்டுக்கொண்டே தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். எத்தனை விரல் இடைவெளி என்று பாருங்கள். தொப்புளுக்குச் சற்று மேலும் கீழும் அதேபோல். எல்லோரும் விரலை எண்ணுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், விரலுக்குக் கீழே இருப்பது டிராம்போலின் துணிபோல் இழுத்துப் பிடிக்கிறதா, குழைந்து உள்ளே போகிறதா என்பது. இரண்டரை விரல் இடைவெளி இருந்தும் நன்றாக இழுத்துப் பிடிக்கும் வயிறு, வேலை செய்யும் வயிறு.

கிரஞ்சஸ் எதையும் கெடுத்திருக்காது, பயப்பட வேண்டாம். 2023-ல் வந்த ஓர் ஆய்வில், இடைவெளி உள்ள பெண்கள் 12 வாரம் தலையையும் தோளையும் தூக்கும் பயிற்சி செய்தார்கள். இடைவெளி கூடவில்லை, தசை வலு கூடியது. அதனால் அந்தப் பயிற்சி வாழ்நாள் முழுக்க விலக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அடித்தளம் இல்லாமல் முதல் நாளே 20, அப்புறம் 50 என்று போனதுதான் உங்களுக்குப் பிரச்சினை. நான் சொல்லும் அளவுகோல் எளிது: எந்த அசைவில் மேடு எழுகிறதோ, அந்த அசைவு இன்றைக்கு உங்களுக்கு அதிகம். அதைச் சுலபமாக்குங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி முயலுங்கள்.

உள்ளே தைத்த உறை ஆறும் வேகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 6 வாரத்தில் அதன் பழைய பலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் திரும்புகிறது. 6, 7 மாதத்தில்தான் முக்கால் பங்கிலிருந்து 90 சதவீதத்துக்குச் சற்று மேல் வரை வருகிறது. வெளியே தோல் 6 வாரத்தில் அழகாக ஆறிவிடுவதால் உள்ளேயும் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். நீங்கள் இப்போது நிற்கும் இடம், பளுவைக் கூட்டத் தொடங்குவதற்குச் சரியான இடம்.

வரிசை இப்படிப் போகலாம். மூச்சோடு அடிவயிற்றையும் இடுப்புத் தளத் தசைகளையும் (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்கும் தசைகள்) சேர்த்து இறுக்குவது. பிறகு படுத்தபடி ஒரு குதிகாலைத் தரையில் நீட்டி இழுப்பது. பிறகு முட்டி போட்டுக் கையூன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. சுவரில் கையூன்றி உடலை நேராகப் பிடித்து நிற்கும் பிளாங்க், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் ஸ்குவாட். நடைப்பயிற்சி எல்லாவற்றோடும் சேர்ந்து. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலியக்கம் என்பது பிரசவமான பெண்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. மெதுவாக அதை எட்டினால் போதும். ஓடவும் குதிக்கவும் குறைந்தது 12 வாரம் காத்திருக்கச் சொல்வோம். உங்களுக்கு அது தாண்டிவிட்டது, ஆனால் இருமும்போது சிறுநீர் கசிந்தாலோ அடியில் கனமாக இறங்குவதுபோல் இருந்தாலோ அதைச் சரிசெய்த பிறகுதான் ஓட்டம். சிசேரியன் என்பதால் இடுப்புத் தளம் தப்பித்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 9 மாதப் பாரத்தைத் தாங்கியது அதுதான்.

மரத்துப்போன இடம் பற்றி: குறுக்கே வெட்டும்போது தோலுக்குப் போகும் சிறு நரம்புகள் அறுபடுகின்றன. பல மாதங்களில் ஓரங்களிலிருந்து உணர்ச்சி திரும்பும். சிலருக்கு ஒரு சிறு பகுதி அப்படியே நின்றுவிடுவதும் உண்டு, அதனால் கெடுதல் இல்லை.

தழும்பு சிவந்து சூடாவது, நீர் வடிவது, காய்ச்சல், இருமும்போது ஒரு பக்கமாக வலியோடு புடைப்பது, மாதவிடாயின்போது மட்டும் தழும்பருகே கட்டிபோல் வலிப்பது: இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஒருஅப்பா எழுதியது:

பெண்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று தயங்கினேன். என் மனைவிக்கு 8 மாதத்துக்கு முன்பு சிசேரியன். அவள் வருத்தப்படும்போதெல்லாம், "பரவாயில்லை, குறைந்துவிடும்" என்றுதான் சொல்லிவந்தேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். ஒருநாள் அவள், "அப்படியென்றால் இப்போது இருப்பது உங்களுக்கும் அதிகமாகத்தான் தெரிகிறது, இல்லையா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அதிலிருந்து வயிற்றைப் பற்றி நானாக எதுவும் சொல்வதில்லை. தினமும் மாலை ஆறரை முதல் ஏழு வரை குழந்தை என் பொறுப்பு, என்ன அழுதாலும் அறைக்கதவைத் தட்ட மாட்டேன். அந்த அரைமணியில் அவள் பயிற்சி செய்கிறாளா, தூங்குகிறாளா என்றும் கேட்பதில்லை. தொடுவதைப் பற்றியும் அவளிடமே கேட்டுக்கொண்டேன். "வயிற்றில் கை வைக்காதீர்கள், முதுகில் வையுங்கள்" என்றாள். நான்கு மாதம் முதுகுதான். போன மாதம் அவளே என் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். உங்கள் கணவரிடம் எந்த இடம் சரி, எந்த இடம் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நகர்ந்துபோனால் எங்களுக்குக் காரணம் தெரிவதில்லை.

மடிப்போடுஇருப்பவள் எழுதியது:

எனக்கு 4 வருடம் ஆகிறது. இடைவெளி மூடிவிட்டது, ஓடுகிறேன், பளு தூக்குகிறேன். தழும்புக்கு மேலே அந்த மடிப்பு இன்னும் இருக்கிறது. இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்: தசை இறுகுவது வேறு, மடிப்பு மறைவது வேறு. மடிப்பு என்பது விரிந்த தோல், கொஞ்சம் கொழுப்பு, கீழே ஒட்டிக்கொண்ட தழும்பு. தழும்பை நீவிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் தளர்ந்து சமமானது. மீதியைப் பயிற்சி தொடவில்லை. முதல் இரண்டு வருடம் அதை என் தோல்வியாக எண்ணி, இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்து, முட்டியைக் கெடுத்துக்கொண்டேன்.

ஒன்று செய்தேன், சின்ன விஷயம்தான். கர்ப்பத்துக்கு முன்பு போட்ட கால்சட்டைகள் எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். இடுப்புப் பட்டை தழும்பில் உரசாத, தொப்புள் வரை ஏறி நிற்கும் மூன்று கால்சட்டைகளை இப்போதைய அளவில் வாங்கினேன். காலையில் எழுந்ததும் எதற்குள்ளாவது என்னை நுழைத்துப் பார்த்து அழும் வழக்கம் அன்றோடு நின்றது.

பாப்பாஅம்மா எழுதியது (3 வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. இருமுறைஅம்மா, உங்களை அக்கா என்று கூப்பிட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுதியதைக் குழந்தை தூங்கிய பிறகு நான்கு தடவை படித்தேன்.

ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். தொப்புளுக்கு மேல் இரண்டரை விரல், கீழே ஒன்றரை. மூச்சை விட்டுக்கொண்டே தலையைத் தூக்கச் சொன்னபோது விரலுக்குக் கீழே இறுகியது என்றார். என் கையையும் அங்கே வைத்துக் காட்டினார். உண்மையாகவே இறுகியது. நான் இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். ஒருக்களித்து எழுந்தால் மேடு வருவதே இல்லை.

தழும்பை 9-வது நாள்தான் தொட்டேன். நடுவில் வெளுத்தும் வலது ஓரத்தில் இன்னும் சிவப்பாகவும் இருக்கிறது. நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. என் கையால் ஒரு சாண் கூட இல்லை. அக்கா சொன்ன மாதிரி அன்றைக்கு அந்த அறையின் குரல்கள் எல்லாம் வந்தன. "துடிப்பு கிடைக்கவில்லை" என்று ஒருவர் சொன்னது இவ்வளவு தெளிவாக எனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. கணவரிடம் முதல் முறையாக அதைச் சொன்னேன். அவர் அப்போது வெளியே கதவருகே நின்றிருந்தாராம், அவருக்கும் அது கேட்டிருக்கிறது. இத்தனை மாதம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே இருந்திருக்கிறோம். அடுத்த வாரம் ஆலோசகரைப் பார்க்கப் போகிறேன்.

மரத்த இடத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று விரலால் கண்டுபிடிக்க முடிகிறது. இப்போது சோப்பை அந்த இடத்துக்கும் போடுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் பாப்பாவையும் பையையும் தூக்கிக்கொண்டு ஏறும்போது, ஒவ்வொரு படிக்கும் மூச்சை விட்டு வயிற்றை இறுக்க வேண்டுமா? முயன்றேன், இரண்டாவது மாடியில் தலை சுற்றியது.

பெண்கள்நலபிசியோ எழுதியது:

வேண்டாம், வேண்டாம். படி ஏறும்போது இயல்பாக மூச்சு விடுங்கள், அடக்காமல் இருந்தால் போதும். குழந்தையையும் பையையும் தரையிலிருந்து தூக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் மூச்சை வெளியே விடுங்கள். முடிந்தால் பையைக் கீழே விட்டுவிட்டு, குழந்தையோடு ஒரு முறை, பைக்காக ஒரு முறை என்று இரண்டு தடவையாக ஏறுங்கள். குழந்தையை எப்போதும் ஒரே பக்க இடுப்பில் வைக்காமல் ஒவ்வொரு மாடியிலும் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.